உயரமுக்க ஒட்சிசன் சிகிச்சை: உயிராபத்து நிலை நோயாளரும் கீழைக்கரைச் சுழியோடிகளும்

இலங்கையின் கீழைக்கரையிலே கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலாய ஊர்களைக் கடந்து தம்பிலுவிலையும் திருக்கோவிலையும் அடைகின்றது. ஒருபால் வயல், மறுபால் கடல். முஸ்லிம் மக்களும் தமிழ் மக்களும் அடுத்தடுத்து வாழ்ந்து, ஒரே கடலை நம்பி உழைக்கும் கரை இது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேலைக்கடல் கொந்தளிக்க, இக்கீழைக்கடல் அமைதியுறுகின்றது. அக்காலத்திலேயே கிழக்குக் கரையெங்கணும் கடலட்டை, சங்கு, சிங்கி இறால், அலங்கார மீன் ஆகியவற்றைத் தேடிச் சுழியோடிகள் நீருள் இறங்குகின்றனர். முன்னோர் மூச்சடக்கி மூழ்கினர். இன்றையோர் காற்றடைத்த சிலிண்டரை முதுகிற் கட்டிக்கொண்டு மூழ்குகின்றனர். இந்த மாற்றம் உற்பத்தியைப் பெருக்கியது. அதனுடன் முன்னோர் பெரிதும் அறியாத ஒரு நோயையும் கொணர்ந்தது.

அந்நோய்க்குரிய சிறப்புச் சிகிச்சையே உயரமுக்க ஒட்சிசன் சிகிச்சையாகும். இச்சிகிச்சை யாது, எந்நோயாளருக்குப் பயன்படுவது, உயிராபத்து நிலையிலுள்ள ஒருவரை அவ்வறையினுள் வைத்துப் பாதுகாப்பாகப் பராமரிப்பது எங்ஙனம் என்பவற்றை விளக்குவதும், திருக்கோவில் போன்ற ஒரு கரையோர ஊரின் நிலையில் நின்று அவற்றை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: நோயாளியைக் காப்பது தனியோர் இரும்பறையன்று, படகிலிருந்து அவ்வறை வரையும், அவ்வறையினுள்ளும் அறாது தொடரும் பராமரிப்புச் சங்கிலியே அவரைக் காக்கின்றது.

1. அமுக்கமும் வாயுவும்

கடல் மட்டத்தில் நம்மைச் சூழ்ந்துள்ள வளியின் அமுக்கத்தை ஒரு வளிமண்டலம் எனக் கொள்வர். கடலினுள் ஏறத்தாழ ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் இன்னொரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. எனவே 30 மீற்றர் ஆழத்திற் சுழியோடி ஒருவர் நான்கு வளிமண்டல அமுக்கத்துக்கு ஆட்படுகின்றார். மட்டக்களப்புக்கு அப்பாற் கடலடியிற் கிடக்கும் ஏர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், 1942 ஏப்பிரல் 9 இல் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டதாகும். ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திலுள்ள அதனைக் காணச் செல்வோர் ஆறு வளிமண்டல அமுக்கத்தை எதிர்கொள்ள நேரிடும்.

இங்கு இரு விதிகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். அமுக்கம் கூடும்போது வாயுவின் கனவளவு சுருங்கும், குறையும்போது விரியும் என்பது பொயிலின் விதி. திரவமொன்றிற் கரையும் வாயுவின் அளவு அவ்வாயுவின் அமுக்கத்துக்கு நேர் விகிதசமமானது என்பது என்றியின் விதி. சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தவுடன் குமிழிகள் எழுவதைக் காணாதார் இலர். அமுக்கத்தின்கீழ்க் கரைந்திருந்த வாயு, அமுக்கம் நீங்கியதும் வெளிப்படுவதே அக்காட்சி. ஆழத்தில் நெடுநேரம் காற்றைச் சுவாசித்த சுழியோடியின் குருதியிலும் கொழுப்பிலும் நரம்பிழையங்களிலும் நைதரசன் அவ்வாறே மிகுதியாகக் கரைகின்றது. அவர் மெல்ல மேலெழுந்தால் அந்நைதரசன் சுவாசப்பை வழியே வெளியேறிவிடும். விரைந்து எழுந்தால் அது உடலினுள்ளேயே குமிழிகளாகின்றது.

மூட்டுகளில் நோவு, தோலிற் படைபடையாகச் செம்மை, கைகால் விறைப்பு, தலைச்சுற்று, சிறுநீர் கழியாமை, இடுப்புக்குக் கீழ் வலுவின்மை என்பன அந்நோயின் குறிகளாம். முண்ணாண் தாக்கப்படின் இளைஞர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் நடக்க இயலாதவராதலும் கூடும். பெரும்பாலானோரிற் குறிகள் ஆறு மணித்தியாலங்களுக்குள் வெளிப்படுகின்றன. இதனின் வேறானதும் இதனினும் விரைந்து கொல்வதுமாகிய இன்னொரு கேடு உண்டு. மூச்சை அடக்கியவாறு மேலெழும் சுழியோடியின் சுவாசப்பையிலுள்ள காற்று விரிந்து, சுவாசப்பையைக் கிழித்து, நாடிக் குருதியுட் புகுந்து மூளையை அடைதலே அது. இதனை வளித்தடை என்போம்.

தசைநோவை வாயுப்பிடிப்பு எனக் கூறுவது நம் மக்களின் பேச்சுவழக்கு. சுழியோடியின் மூட்டுநோவைப் பொறுத்தவரை அச்சொல் எதிர்பாராதவாறு பொருத்தமானதே. ஆயின் எண்ணெய் பூசி உருவுதலாலோ உறங்கி எழுதலாலோ இவ்வாயு நீங்குவதில்லை. அதனால் இழக்கப்படுவது பொன்னான நேரமேயாகும்.

2. வரலாற்றுப் பின்னணி

1670 ஆம் ஆண்டளவில் றொபேட் பொயில், அமுக்கம் குறைக்கப்பட்ட கலத்தினுள் வைத்த பாம்பொன்றின் கண்ணிற் குமிழியொன்று தோன்றுவதைக் கண்டார். எனினும் இந்நோய் சமுதாயப் பிரச்சினையாக உருவெடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே. ஆற்றுப் படுகைகளிற் பாலத் தூண்களை நிறுவுவதற்காக, அமுக்கிய காற்று நிரம்பிய பெட்டகங்களினுள் தொழிலாளர் இறக்கப்பட்டனர். வேலை முடிந்து வெளியே வந்தபின் அவர்களிற் பலர் முடங்கினர், சிலர் மாண்டனர். நியூயோக்கின் புறூக்லின் பாலம் கட்டப்பட்டபோது அதன் தலைமைப் பொறியியலாளர் வாசிங்டன் றோப்ளிங்கும் இந்நோயால் முடங்கினார். அவரின் பெயரை வரலாறு அறியும். அவருடன் பெட்டகத்தில் உழைத்தோர் பலரின் பெயரை அறியாது.

1878 இல் பிரான்சிய உடற்றொழிலியலாளர் போல் பேர், நைதரசன் குமிழிகளே இந்நோயின் காரணம் என நிறுவினார். உயர் அமுக்கத்தில் ஒட்சிசன் வலிப்பை உண்டாக்கும் நஞ்சாகவும் மாறும் என்பதனைக் காட்டியவரும் அவரே. மருந்தும் நஞ்சும் ஒன்றே என்னும் இவ்வுண்மை இச்சிகிச்சையின் பாதுகாப்புக்கெல்லாம் அடிப்படையாகும். 1889 இல் அட்சன் ஆற்றின்கீழ்ச் சுரங்கம் தோண்டப்பட்ட காலை, பொறியியலாளர் ஏணஸ்ற் மொயர், நோயுற்ற தொழிலாளரை மீண்டும் அமுக்கத்துக்கு உட்படுத்தி மெல்ல விடுவிக்கும் அறையொன்றை அமைத்தார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. 1908 இல் யோன் ஸ்கொற் ஓல்டேனும் அவர்தம் துணைவரும் படிப்படியாக மேலெழுவதற்கான அட்டவணைகளை வெளியிட்டனர். 1960 களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை, குறைந்த அமுக்கத்தில் தூய ஒட்சிசனைக் கொடுக்கும் அட்டவணைகளை வகுத்தது. இன்றும் உலகெங்கும் பெருவழக்காக உள்ளவை இவையே.

மருத்துவமனைத் துறையில் இச்சிகிச்சைக்கு அறிவியல் மதிப்பைத் தேடித்தந்தவர் அம்ஸ்ரடாம் நகரின் சத்திர சிகிச்சை நிபுணர் பூரெமா ஆவார். பன்றிகளின் குருதியை ஏறத்தாழ முற்றாக அகற்றி, செங்கலங்கள் அற்ற திரவத்தால் ஈடுசெய்து, மூன்று வளிமண்டல அமுக்கத்தில் ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்து அவர் அவற்றை உயிருடன் வைத்திருந்தார். அதனை 'இரத்தமின்றி வாழ்வு' என்னும் தலைப்பில் 1960 இல் வெளியிட்டார்.

இவ்வரலாற்றில் எச்சரிக்கையொன்றும் உண்டு. 1928 இல் அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகரில் கனிங்காம் என்னும் வைத்தியர், 64 அடி விட்டமுள்ள உருக்குக் கோளமொன்றையே வைத்தியசாலையாக எழுப்பி, நீரிழிவு முதற் புற்றுநோய் வரை குணமாக்கலாம் என்றனர். சான்று காட்டுமாறு மருத்துவச் சங்கம் கேட்டது. தக்க சான்று கிடைக்கவில்லை. 1942 இல் அக்கோளம் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயிற்று. இன்றும் எல்லா நோய்க்கும் இதுவே மருந்தெனக் கூறி இவ்வறைகளை விளம்பரம் செய்வோர் பல நாடுகளில் உளர். வாசகர் அக்கோளத்தை மறவாதிருத்தல் நன்று.

3. ஒட்சிசன் ஆற்றும் பணி

சாதாரணமாக நம் குருதியிலுள்ள ஒட்சிசனில் மிகப் பெரும் பகுதியை ஈமோகுளோபினே சுமக்கின்றது. குருதித் திரவவிழையத்திற் கரைந்திருப்பது 100 மில்லிலீற்றருக்கு 0.3 மில்லிலீற்றர் மட்டுமே. கடல் மட்டத்தில் தூய ஒட்சிசனைச் சுவாசித்தால் இது ஏறத்தாழ 2 மில்லிலீற்றராகும். மூன்று வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ 6 மில்லிலீற்றராகும். ஓய்ந்திருக்கும் உடல் ஒவ்வொரு 100 மில்லிலீற்றர் குருதியிலிருந்தும் பெற்றுக்கொள்வது ஏறத்தாழ 5 மில்லிலீற்றரே. ஆதலின் ஈமோகுளோபின் இன்றியே உயிர் தரிக்கப் போதிய ஒட்சிசன் திரவவிழையத்திற் கரைந்து செல்கின்றது. பூரெமாவின் பன்றிகள் பிழைத்தமைக்குக் காரணம் இதுவே.

சுழியோடியின் நோயில் இச்சிகிச்சை இரு வழியில் உதவுகின்றது. அமுக்கம் குமிழியைச் சுருக்குகின்றது. நைதரசன் கலவாத ஒட்சிசன், குமிழியிலுள்ள நைதரசனை வெளியே இழுக்கின்றது. அத்துடன் குமிழியால் அடைபட்ட இழையங்களுக்கும் கரைந்த ஒட்சிசன் ஊறிச் செல்கின்றது. பெருவழக்கான அமெரிக்கக் கடற்படை அட்டவணை 6 இன்படி, நோயாளி முதலில் 18 மீற்றர் ஆழத்துக்குச் சமமான 2.8 வளிமண்டல அமுக்கத்துக்கு உட்படுத்தப்பட்டு, 20 நிமிடம் ஒட்சிசனும் 5 நிமிடம் காற்றுமாக மாறிமாறிச் சுவாசிக்கின்றார். பின்னர் அமுக்கம் 9 மீற்றர் அளவுக்குக் குறைக்கப்பட்டுச் சிகிச்சை தொடர்கின்றது. முழுச் சிகிச்சையும் ஏறத்தாழ நான்கே முக்கால் மணித்தியாலம் நீடிக்கும். நடுவே கொடுக்கப்படும் காற்று இடைவேளைகள் ஒட்சிசன் நஞ்சாகாதிருக்கச் செய்யும் உபாயங்களாகும்.

4. யாருக்கு, எப்போது?

உயிராபத்து நிலையிலுள்ளோருள் இச்சிகிச்சை கருதப்படுவோர் நால்வகையினர். குமிழி நோயும் வளித்தடையும் உற்றோர் முதல் வகையினர். இவர்களுக்கு இதுவே சிறப்புச் சிகிச்சை. இதற்கு ஈடான மாற்று இல்லை.

இரண்டாம் வகையினர் காபனோரொட்சைட்டு நஞ்சுற்றோர். அடைத்த அறையில் இயக்கிய மின்பிறப்பாக்கியாலோ, தீயின் புகையாலோ இது நேரும். இவ்வாயு ஈமோகுளோபினை இறுகப் பற்றி ஒட்சிசனுக்கு இடமின்றிச் செய்கின்றது. காற்றைச் சுவாசிப்பின் அதன் அளவு பாதியாகக் குறைய நான்கு முதல் ஆறு மணித்தியாலம் செல்லும். தூய ஒட்சிசனில் ஏறத்தாழ 80 நிமிடம். மூன்று வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ 23 நிமிடம். எனினும் பிற்காலத்து மூளைப் பாதிப்பை இச்சிகிச்சை தடுக்கின்றதா என்பதில் ஆய்வுகள் முரண்படுகின்றன. 1999 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு பயனில்லை என்றது. 2002 இல் வெளியான அமெரிக்க ஆய்வு பயனுண்டு என்றது.

மூன்றாம் வகையினர் வாயு அழுகல் முதலிய விரைந்து பரவும் இழைய நோயுற்றோர். காற்றின்றி வாழும் குளொஸ்திரிடியம் என்னும் பற்றீரியாவின் நச்சு உற்பத்தியை மிகு ஒட்சிசன் தடுக்கின்றது. ஆயினும் அழுகிய இழையத்தை வெட்டி அகற்றலும் நுண்ணுயிர்கொல்லி மருந்தும் முதலிடம் பெறுவன. அறையைத் தேடிச் சத்திர சிகிச்சையைத் தாமதித்தல் தவறாகும். குருதியிழந்தும் குருதியேற்ற இயலாத நிலையிலுள்ளோர் நான்காம் வகையினர்.

இவ்வகைப்பாட்டைத் திருக்கோவிலின் தொலைவுடன் இணைத்து நோக்குவோம். குடிமைச் சுழியோடிகளும் சிகிச்சை பெற்றுள்ள உயரமுக்க அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் உள்ளது. கரைவழியே ஏறத்தாழ 200 கிலோமீற்றர். ஆயத்தமும் பயணமும் சேர ஐந்து மணித்தியாலம் எனக் கொள்வோம். காபனோரொட்சைட்டு நஞ்சுற்ற ஒருவரின் ஈமோகுளோபினில் நூற்றுக்கு 40 பங்கு பற்றப்பட்டிருப்பின், தூய ஒட்சிசன் கொடுத்து அவரை ஏற்றிச் செல்லும் அவ்வைந்து மணித்தியாலத்துள் அது 3 பங்களவுக்கு இறங்கிவிடும். அவரை உயிர்ப்பிப்பது அறையன்று, முதல் நிமிடத்திலேயே முகத்திற் பொருத்தப்பட்ட ஒட்சிசன் மூடியே. வாயு அழுகல் உற்றோருக்கும் அருகிலுள்ள சத்திர சிகிச்சைக் கூடமே முதன்மையானது. ஆகவே இக்கரையிலிருந்து திருகோணமலைக்கு விரைந்து அனுப்பப்பட வேண்டியோர் பெரும்பாலும் சுழியோடிகளே என்னும் முடிவுக்கு நாம் வருகின்றோம். இது வசதியின்மையை நியாயப்படுத்துவதன்று. இருப்பதை முறையாகப் பயன்படுத்துதற்கான கணக்காகும்.

5. அறையினுள் உயிராபத்து நிலை நோயாளி

தனி ஒருவருக்கான ஒடுங்கிய அறை, பலருக்கான பெரிய அறை என இவை இருவகைப்படும். முன்னதில் நோயாளியைத் தொட இயலாது. பின்னதில் தாதியோ வைத்தியரோ உடன் செல்லலாம். செயற்கைச் சுவாசத்திலுள்ள நோயாளிக்குப் பின்னதே பொருத்தமெனப் பலர் கருதுவர். முன்னதிலும் தக்க கருவிகளுடன் சிகிச்சை அளிப்போர் உளர்.

கதவு மூடப்படுமுன் ஆராயப்பட வேண்டிய முதற்பொருள் மார்பாகும். சுவாசப்பைக்கும் மார்புச் சுவருக்கும் இடையே காற்றுத் தேங்கியிருப்பின், அமுக்கத்தின்கீழ் அது சுருங்கி அமைதியாக இருக்கும். அமுக்கம் குறைக்கப்படும்போது விரியும். 2.8 வளிமண்டலத்தில் ஒரு லீற்றராக இருந்தது வெளியே வரும்போது 2.8 லீற்றராகி இதயத்தையே நெருக்கிக் கொல்லக்கூடும். எனவே முன்கூட்டியே மார்பை எக்சுக் கதிர்ப் படத்தால் நோக்குதலும், காற்றிருப்பின் வடிகுழாய் இடுதலும் இன்றியமையாதன.

இரண்டாவது சுவாசக் குழாய். தொண்டைக்குள் இடப்படும் குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூன் வழக்கமாகக் காற்றால் நிரப்பப்படும். 2.8 வளிமண்டலத்தில் அக்காற்று ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகச் சுருங்கும்; சுவாசம் பக்கவாட்டாகக் கசியும். உள்ளே மேலும் காற்றை நிரப்பி, வெளிவருங்கால் அதனை நீக்க மறந்தாற் பலூன் விரிந்து மூச்சுக்குழலை நசுக்கும். காற்றுக்குப் பதிலாக உப்புநீரை நிரப்பின் இவ்வின்னல் இல்லை. நீர் சுருங்காது, விரியாது. செலவற்ற இச்சிறு செயல் உயிர் காப்பது.

மூன்றாவது செவி. விழித்திருப்பவர் எச்சிலை விழுங்கி நடுச்செவியின் அமுக்கத்தைச் சமப்படுத்துவார். நினைவிழந்தவர் அதனைச் செய்யார். வலிக்கின்றதெனச் சொல்லவும் மாட்டார். எனவே செவிப்பறையிற் சிறு துளையிடுதல் வழக்கம். நான்காவது நாளத்தின் வழி ஏற்றப்படும் திரவம். கண்ணாடிப் போத்தலிலுள்ள காற்று, அமுக்கம் குறையும்போது விரிந்து குருதியினுட் செல்லலாம். ஆதலின் காற்று நீக்கிய மென்பைகளே உகந்தவை. ஐந்தாவது சுவாசக் கருவி. அமுக்கம் கூடக் காற்றின் அடர்த்தி கூடுதலால், வெளியே சரியாக இயங்கிய கருவி உள்ளே வேறு அளவு மூச்சைக் கொடுக்கலாம். உயரமுக்கத்திற் சோதிக்கப்பட்ட கருவியையே பயன்படுத்தி, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மூச்சின் கனவளவை அளந்து நோக்கல் வேண்டும். நீரிழிவு நோயாளரிற் குருதியின் வெல்லம் இறங்குவதுண்டு. அதனையும் அளத்தல் வேண்டும்.

ஒட்சிசன் வலிப்பு அரிதாயினும் எதிர்பார்க்கப்பட வேண்டியது. உதடு துடித்தல், குமட்டல், பார்வைக் குறுக்கம் என்பன சிலபோது முன்னறிகுறிகளாகும். மயக்க மருந்தூட்டப்பட்டவரில் இவையும் புலப்படா. வலிப்பு வந்தால் ஒட்சிசனை நீக்கிக் காற்றைக் கொடுத்தல் முதற்செயல். பதறி அமுக்கத்தைக் குறைத்தலே பெருந்தவறு. வலிப்பின்போது குரல்வளை அடைபட்டிருக்குமாதலின் சுவாசப்பையிலுள்ள காற்று வெளியேற வழியின்றி விரிந்து அதனைக் கிழிக்கும்.

இன்னொருவரையும் நாம் மறத்தலாகாது. நோயாளியுடன் உள்ளே செல்லும் தாதி அமுக்கக் காற்றையே சுவாசிக்கின்றார். அவரின் உடலிலும் நைதரசன் கரைகின்றது. அவ்வகையில் அவரும் ஒரு சுழியோடியே. வெளிவருமுன் அவரும் ஒட்சிசன் சுவாசித்தல் வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை உட்செல்லலாம் என்பதற்கு வரம்பும் வேண்டும். நோயாளியின் பாதுகாப்பு பேசப்படும் இடத்தில் பணியாளரின் பாதுகாப்பும் பேசப்படல் வேண்டும்.

இவையனைத்துக்கும் முற்பட்ட வினாவொன்றுண்டு. உள்ளே கொண்டு செல்வதால் வரும் நன்மை, அங்கே குறைவுபடும் பராமரிப்பால் வரும் தீங்கினும் மிக்கதா? இதயம் நின்றால் உள்ளே மார்பை அழுத்தலாம். ஆயின் மின்னதிர்ச்சி கொடுப்பதற்குப் பொதுவாக வெளிக்கொணரப்பட வேண்டும். ஆகவே குருதியமுக்கமும் சுவாசமும் ஓரளவேனும் நிலைப்பட்ட பின்னரே கதவை மூடுதல் நெறியாகும்.

6. தீயின் அச்சம்

ஒட்சிசன் தானே எரிவதில்லை. ஆனால் ஏனையவற்றை வெகு விரைவாக எரிக்கும். 1923 தொடக்கம் 1996 வரை உலகில் உயரமுக்க அறைகளில் நேர்ந்த 35 தீ விபத்துகளில் 77 பேர் மாண்டனர் எனத் தொகுக்கப்பட்டுள்ளது. 1997 ஒக்ரோபர் 31 இல் இத்தாலியின் மிலான் நகரில் அறையொன்றில் மூண்ட தீ 11 உயிர்களைக் குடித்தது. நோயாளி ஒருவர் உள்ளே கொண்டுசென்ற கைவெப்பமூட்டியே அதற்குக் காரணமெனக் கூறப்பட்டது. 2025 சனவரி 31 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ட்ரோய் நகரில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இவ்வாறே உயிரிழந்தான். பழங்கதை என ஒதுக்கத்தக்க ஆபத்தன்று இது.

பலருக்கான அறையிற் காற்றிலுள்ள ஒட்சிசன் நூற்றுக்கு 23.5 இனை விஞ்சாதவாறு பார்த்துக்கொள்வர். நோயாளி வெளிவிடும் மூச்சு குழாய் வழியே அறைக்கு வெளியே செலுத்தப்படும். பருத்தி ஆடையே அனுமதிக்கப்படும். நமது கரைக்குரிய பட்டியலொன்றை இங்கே சேர்த்துக் கூறலாம். தலையிற் பூசிய தேங்காயெண்ணெய், மூட்டில் உருவிய நல்லெண்ணெய், நெற்றியிலும் மார்பிலும் தடவிய தைலம், உடையிற் பூசிய அத்தர், நைலோன் சாரம், தீப்பெட்டி, கைத்தொலைபேசி என்பவற்றில் எதுவும் உட்செல்லலாகாது. நோவு தீர அன்போடு பூசிய எண்ணெயே அறையினுள் எரிபொருளாகலாம். எனவே அதனைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே நோயாளியை உட்செலுத்தல் வேண்டும். உறவினருக்கு இதன் காரணத்தை அவர்தம் மொழியில் எடுத்துரைத்தலும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

7. திருக்கோவிலிலிருந்து திருகோணமலை வரை

இனி, நீரினின்று எழுந்து கால் விறைப்பதாகக் கூறும் சுழியோடி ஒருவரின் வழியைத் தொடர்வோம். முதலாவது, அவரை மீண்டும் கடலில் இறக்குதல் கூடாது. நோவு தணியுமென எண்ணிச் சிலர் இதனைச் செய்வர். நீருள் வலிப்போ மயக்கமோ வரின் காப்பார் இலர். காற்றைச் சுவாசித்து மீண்டும் மூழ்குவதால் நைதரசனும் கூடும். இரண்டாவது, அவரைக் கிடத்தித் தூய ஒட்சிசனைக் கொடுத்தல் வேண்டும். படகிலேயே சிறு ஒட்சிசன் சிலிண்டர் இருப்பின் அதனினும் சிறந்த முதலுதவி வேறில்லை. மூன்றாவது, நினைவுள்ளவராயின் நீர் அருந்தச் செய்தல் வேண்டும். திருக்கோவில் ஆதார வைத்தியசாலையை அடைந்ததும் நாளத்தின் வழித் திரவம், சிறுநீர் அடைபட்டிருப்பின் குழாய், நரம்பு நிலை பற்றிய எழுத்துக் குறிப்பு, திருகோணமலையுடன் தொலைபேசித் தொடர்பு என்பன ஏக காலத்தில் நிகழ வேண்டும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை முறை மூழ்கினார் என்பதை உடன் சென்றோரிடம் கேட்டெழுதல் வேண்டும்.

பாதைத் தெரிவு நான்காவது. அம்பாறை மாவட்டத்திலிருந்து பாரதூரமான நோயாளரைக் கண்டிக்கு அனுப்புவது நாமறிந்த வழக்கம். மகியங்கனையைக் கடந்து பதினெட்டு வளைவுகளால் ஏறும் அம்மலைப்பாதை ஏனைய நோயாளருக்குப் பொருந்தலாம். குமிழி நோயாளிக்குப் பொருந்தாது. கண்டி கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் மேலே உள்ளது. மலையேறுந்தோறும் வளியமுக்கம் குறைந்து குமிழிகள் விரியும். வானூர்தியில் ஏற்றினாலும் இயன்றளவு தாழப் பறத்தல் வேண்டுமென்பதும், 300 மீற்றரை விஞ்சாதிருத்தல் நன்றென்பதும் இதனாலேயே. நல்வாய்ப்பாக, மட்டக்களப்பு வழியே திருகோணமலை செல்லும் கரைப்பாதை முழுவதும் கடல் மட்டத்தை ஒட்டியதே. முன்னாளில் அப்பாதையிற் பல துறைகளைப் பாதைப் படகாற் கடக்க வேண்டியிருந்தது. 2009 இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும், தொடர்ந்து ஏனைய பாலங்கள் அமைந்ததும் இந்நோயாளரைப் பொறுத்தவரை மருத்துவ முன்னேற்றங்களேயாகும்.

ஐந்தாவது ஒட்சிசன் கணக்கு. நிமிடத்துக்கு 15 லீற்றர் வீதம் ஐந்து மணித்தியாலத்துக்கு 4500 லீற்றர் வேண்டும். ஏறத்தாழ 680 லீற்றர் கொள்ளும் சிறு சிலிண்டர் முக்கால் மணித்தியாலத்திற் தீர்ந்துவிடும். அத்தகைய ஒன்றை மட்டும் ஏற்றிக்கொண்டு புறப்படும் வண்டி கல்முனையை அடையும் வேளையில் வெறுங்குழாயையே நோயாளியின் முகத்தில் வைத்திருக்கும். பெரிய சிலிண்டரை ஏற்றுதல், அன்றேல் கல்முனை, மட்டக்களப்பு, வாழைச்சேனை, மூதூர் ஆகிய இடங்களின் வைத்தியசாலைகளில் மாற்றுச் சிலிண்டருக்கு முன்னறிவித்தல் வேண்டும். இதற்குப் பெருமுதலீடு எதுவும் வேண்டியதில்லை. ஒரு பெருக்கற் கணக்கும் சில தொலைபேசி அழைப்புகளுமே வேண்டும்.

8. முடிவுரை

மன்னார் முத்துக்குளிப்பின் காலந்தொட்டு, கடலடிச் செல்வத்தை மேலே கொணர்ந்தோர் அச்செல்வத்தை அணிந்தோராகவோ உண்டோராகவோ இருந்ததில்லை. இக்கரையின் கடலட்டையும் உலர்த்தப்பட்டுக் கீழைத்தேயச் சந்தைகளுக்குச் செல்கின்றது. அதன் விலை ஏறுந்தோறும், கரையோரத்தில் அது அருகுந்தோறும், சுழியோடி மேலும் ஆழமாகவும் மேலும் பலமுறையும் மூழ்க நேரிடுகின்றது. குமிழி நோய் தனிமனிதரின் கவனக்குறைவால் மட்டும் விளைவதன்று. பிடித்த அளவுக்கே கூலி என்னும் ஏற்பாட்டின் விளைவுமாகும். ஆழமானியும் நேர அட்டவணையும் பயிற்சியுமின்றி ஒருவரைக் கடலில் இறக்கிவிட்டு, பின்னர் அவருக்கு உயரமுக்க அறை இல்லையே என வருந்துதல் அறமாகாது.

எனவே நாம் வேண்டுவன இவை: படகு தோறும் ஒட்சிசன், சுழியோடிகளுக்குத் தமிழிற் பயிற்சியும் அட்டவணையும், கரையோர வைத்தியசாலை தோறும் ஒரு பக்கத்தில் அடங்கும் செயன்முறைக் குறிப்பு, குடிமக்களின் பொதுச் சுகாதார சேவையோடு முறையாக இணைக்கப்பட்ட சிகிச்சை அறை, அதனுட் செல்லும் பணியாளருக்குப் பாதுகாப்பு. இவற்றுள் நான்காவது ஒன்றே பெருஞ்செலவு கோருவது. ஏனைய நான்கும் நாளையே தொடங்கத்தக்கன. திருக்கோவிலிற் கரையேறும் இளைஞர் மீண்டும் நடப்பாரா என்பதைத் திருகோணமலையின் இரும்பறை மட்டும் தீர்மானிப்பதில்லை. முதல் மணித்தியாலத்தில் அவரருகே நிற்போரின் அறிவும் அதனைத் தீர்மானிக்கின்றது. அவ்வறிவை மக்களின் மொழியில் மக்களிடம் சேர்ப்பது பல்கலைக்கழகத் தமிழரின் கடனாகும்.